யாரும் படித்திராத நாவலைப் பற்றி 20 நிமிடம்

கேள்வி இது: “விக்டோரியா காலத்து வெகுஜன நாவல்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. பிரிட்டனில் இந்தத் துறைக்கென்றே நடக்கும் மாநாடுகளுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பச் சொல்கிறார் நெறியாளர். அங்கே என்ன நடக்கும், எப்படித் தயாராவது, கைக்காசு செலவழித்துப் போவதில் பயன் உண்டா?”

அனுப்புங்கள், பயன் உண்டு. ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு தயாராக வேண்டும். நீங்கள் பேசப்போகும் நாவலை அந்த அறையில் அநேகமாக யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

டிக்கன்ஸ் பற்றிய மாநாட்டில் நிலைமை வேறு. பாதிப்பேருக்கு நூல் மனப்பாடம். மேரி எலிசபெத் பிராடன் எழுதிய நாவல்களோ 80க்கும் மேல். புளோரன்ஸ் மேரியட் எழுதியவை ஏறக்குறைய 70 நூல்கள். ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸின் ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்’ 1844 முதல் 1848 வரை வாரம் ஒரு பென்னி இதழாக வந்துகொண்டே இருந்தது. இதையெல்லாம் ஒருவர் ஓர் ஆயுளில் படித்து முடிக்க முடியாது. அதனால் இந்தத் துறைக்காரர்கள் ஆளுக்கொரு எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் ஊயிடாவைப் படிப்பவர், அவருக்கு அடுத்தவர் ரிச்சர்ட் மார்ஷைப் படிப்பவர். நீங்கள் அவர்கள் நூலைப் படித்ததில்லை, அவர்கள் உங்கள் நூலைப் படித்ததில்லை. ஆய்வுச் சுருக்கம் எழுதுவது, கட்டுரை வாசிப்பது, கேள்விக்குப் பதில் சொல்வது, காபி குடிக்கும்போது பேசுவது எல்லாமே இந்த ஒரு நிலைமையைச் சுற்றித்தான்.

முதலில் எங்கே அனுப்புவது என்று பார்ப்போம். நேரடியாக இந்தத் துறைக்கானது விக்டோரியன் பாப்புலர் ஃபிக்ஷன் அசோசியேஷன். 2009இல் தொடங்கிய சங்கம். ஆண்டு மாநாடு வழக்கமாக ஜூலையில் நடக்கும். அளவில் சிறியது, ஆய்வு மாணவர்கள் நிறைய வருவார்கள், பேராசிரியரும் இரண்டாமாண்டு மாணவரும் ஒரே அமர்வில் வாசிப்பது அங்கே சாதாரணம். முதல் மாநாடாக இதையே நான் சிபாரிசு செய்வேன். பிரிட்டிஷ் அசோசியேஷன் ஃபார் விக்டோரியன் ஸ்டடீஸ் நடத்துவது பெரிது, பரந்தது. அறிவியல் வரலாறு, ஓவியம், கட்டடக்கலை என்று எல்லாம் இருக்கும். அங்கே உங்கள் எழுத்தாளரின் பெயரையே முதல் முறையாகக் கேட்பவர்கள் இருப்பார்கள். உங்கள் வாதம் தொடர்கதை வடிவம், இதழ், விளம்பரம், ஓவியம் சார்ந்தது என்றால் பத்திரிகை வரலாற்றுக்கான ரிசர்ச் சொசைட்டி ஃபார் விக்டோரியன் பீரியாடிக்கல்ஸ் பொருத்தம். அமெரிக்கா, கனடா பக்கம் போகும் வசதி இருந்தால் 2002இல் தொடங்கிய நவ்சா, அதாவது நார்த் அமெரிக்கன் விக்டோரியன் ஸ்டடீஸ் அசோசியேஷன், இருக்கிறது. அங்கே கோட்பாட்டு விவாதம் கூடுதலாக எதிர்பார்க்கப்படும். எழுத்தாளர்களின் நூற்றாண்டுகளையும் குறித்து வையுங்கள். வில்கி காலின்ஸின் 200ஆம் ஆண்டு 2024இல் முடிந்துவிட்டது. மேரியட்டுக்கு 2033இலும் பிராடனுக்கு 2035இலும் வரும். அந்த ஆண்டுகளை ஒட்டி தனிக் கூட்டங்களுக்கும் சிறப்பிதழ்களுக்கும் அழைப்பு வருவது வழக்கம்.

ஆய்வுச் சுருக்கத்துக்கு வருவோம். பெரும்பாலும் 250 முதல் 300 சொற்கள், கூடவே 50 சொல்லில் உங்களைப் பற்றிய குறிப்பு கேட்பார்கள். நிராகரிக்கப்படும் சுருக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் தொடக்கம் ஒன்று உண்டு: “தம் காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்து பின்னர் அநியாயமாக மறக்கப்பட்ட எழுத்தாளர் இன்னார்.” வேறு மாநாடுகளில் இது எடுபடலாம். இங்கே அந்த அறையிலுள்ள அத்தனை எழுத்தாளர்களும் மறக்கப்பட்டவர்களே. ஒருவர் மறக்கப்பட்டார் என்பது அவரைப் பற்றிய வாதம் ஆகிவிடாது.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மேரியட்டின் ‘தி பிளட் ஆஃப் தி வாம்பயர்’, 1897. மோசமான சுருக்கம் இப்படிப் போகும்: “இக்கட்டுரை மேற்படி நாவலில் பாலினம், இனம், பேரரசு ஆகியவற்றின் சித்திரிப்பை ஆராய முயல்கிறது.” தேர்வுக்குழு இதைப் படித்துவிட்டு என்ன செய்யும்? நாவலைத் தெரியாது, ‘ஆராய முயல்கிறது’ என்பதில் முடிவும் தெரியவில்லை. இதையே இப்படி எழுதலாம்: “டிராகுலா வெளிவந்த அதே ஆண்டில் வந்த இந்த வாம்பயர் நாவலில் நாயகி யார் ரத்தத்தையும் குடிப்பதில்லை. ஜமைக்காவிலிருந்து வரும் பணக்காரப் பெண் ஹாரியட் பிராண்ட் யாரிடம் பாசம் வைக்கிறாளோ அவர்கள் நாளடைவில் வற்றிப்போகிறார்கள். நாம் அவளை முதலில் சந்திப்பது பெல்ஜியக் கடற்கரை ஊரான ஹெய்ஸ்டில், ஓட்டல் சாப்பாட்டு மேசையில். அவள் அள்ளி அள்ளிச் சாப்பிடுவதை உடனிருக்கும் ஆங்கிலப் பெண்கள் உற்றுக் கவனிக்கிறார்கள். அவள் பிறப்பைப் பற்றி மருத்துவர் பிலிப்ஸ் தீர்ப்புச் சொல்வதற்கு வெகு முன்பே அந்த மேசையில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்று இக்கட்டுரை வாதிடும்.” இங்கே கதை தெரிகிறது, ஒரு காட்சி தெரிகிறது, முடிவும் தெரிகிறது. இனமும் பாலினமும் பேரரசும் பெயர் சொல்லாமலேயே உள்ளே வந்துவிட்டன. நூலைப் படிக்காத ஒருவருக்கு அமர்வுக்கு வரவேண்டும் என்று தோன்றுவது அந்தச் சாப்பாட்டு மேசையால்தான்.

சொற்களைப் பிரிப்பதற்கு ஒரு கணக்கு: நூல் யாருடையது, எங்கே எப்போது வந்தது, கதை என்ன என்பதற்கு 70 சொற்கள். வாதத்துக்கு 150. யாருடைய ஆய்வோடு பேசுகிறீர்கள் என்பதற்கு 50. மாநாட்டுப் பொருளோடு உள்ள தொடர்புக்கு இரண்டு வரி. பொருள் பெரும்பாலும் அகலமாகவே அறிவிக்கப்படும், அழைப்பில் உள்ள பட்டியலும் உதாரணத்துக்குத்தான். ‘பயணம்’ என்பது பொருளானால் உங்கள் நாவலில் எங்கோ ஒரு ரயில் ஓடுகிறது என்பதற்காகக் கட்டுரையையே ரயிலில் ஏற்றிவிடாதீர்கள். தேர்வுக்குழுவுக்கு அது உடனே தெரியும். தலைப்பைப் பொறுத்தவரை இந்தத் துறைக்கு ஒரு வியாதி உண்டு: ஒரு மேற்கோள், ஒரு முக்காற்புள்ளி, மூன்று பெயர்ச்சொற்கள். நிகழ்ச்சி நிரலில் வரிசையாக நாற்பது தலைப்புகள் இப்படியே நிற்கும். எழுத்தாளர் பெயரும் நாவல் பெயரும் தலைப்பில் இருந்தால் போதும், தேடி வருபவர் வருவார்.

கட்டுரை 20 நிமிடம் என்றால் ஆங்கிலத்தில் 2,300 சொற்கள், அதிகபட்சம் 2,400. நிமிடத்துக்கு 120 சொல் என்பது கேட்பவரால் தொடர முடிகிற வேகம். 3,000 சொற்களை எழுதிவைத்துக்கொண்டு ‘வேகமாக வாசித்துவிடலாம்’ என்று போகிறவர்கள் கடைசி நான்கு பக்கத்தை, அதாவது முடிவை, வாசிக்காமல் இறங்குகிறார்கள். சாதாரணமாக ஓர் அமர்வு 90 நிமிடம், மூன்று கட்டுரை. 60 நிமிடம் வாசிப்புக்கும் 30 நிமிடம் கேள்விக்கும் என்பது கணக்கு. அறிமுகம், கணினி மாற்றுவது, மைக் சரிசெய்வது எல்லாம் அந்தக் கேள்வி நேரத்தைத்தான் தின்னும். நீங்கள் 4 நிமிடம் கூட எடுத்தால் அடுத்தவரிடமிருந்து எடுக்கிறீர்கள். பிரதியிலேயே இரண்டு பத்திகளைப் பென்சிலால் அடைப்புக்குறியிட்டு வையுங்கள். தலைவர் ‘5 நிமிடம்’ அட்டையைக் காட்டும்போது நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பார்த்து, பிந்தியிருந்தால் அவற்றைத் தாண்டிப் போங்கள்.

இந்தத் துறையில் கட்டுரைகள் கவிழ்வது பெரும்பாலும் கதைச்சுருக்கத்தில். சென்சேஷன் நாவலின், அதாவது அந்தக் காலத்துப் பரபரப்பு நாவலின், கதை என்றால் இருதார மணம், பொய்ச் சாவு, பைத்தியக்கார விடுதி, ரயில் விபத்து, தொலைந்த உயில் எல்லாம் ஒன்றாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்றை விளக்க வேண்டும். ஏழு நிமிடம் போய்விடும், வாதம் இன்னும் தொடங்கியிருக்காது. 200 சொல்லுக்குமேல் கதை சொல்லக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எலன் வுட் எழுதிய ‘ஈஸ்ட் லின்’ நாவலை எடுத்துக்கொள்வோம். இசபெல் கணவனையும் குழந்தைகளையும் விட்டு இன்னொருவனோடு போகிறாள். அவன் கைவிடுகிறான். ரயில் விபத்தில் முகம் சிதைந்து, செத்துவிட்டதாக ஊர் நம்பிய நிலையில், தன் வீட்டுக்கே ஆசிரியையாக மாறுவேடத்தில் திரும்பி வருகிறாள். தாய் என்று சொல்ல முடியாமல் மகனின் சாவைப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். அவ்வளவுதான். அந்த நாவலில் ஒரு கொலை வழக்கு உண்டு, பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட ஒருவன் உண்டு, அவனுடைய தங்கை உண்டு. உங்கள் வாதத்துக்குத் தேவைப்பட்டால் ஒழிய அவர்கள் யாரும் அறைக்குள் நுழையக் கூடாது.

பெயர்கள் நான்குக்கு மேல் வேண்டாம். மற்றவர்களை ‘வக்கீல்’, ‘அத்தை’, ‘இரண்டாம் மனைவி’ என்றே சொல்லுங்கள். பிராடனின் ‘லேடி ஆட்லீஸ் சீக்ரெட்’ நாயகிக்கு மட்டும் ஹெலன் மால்டன், ஹெலன் டால்பாய்ஸ், லூசி கிரகாம், லேடி ஆட்லி என்று நான்கு பெயர். நான்கையும் மாற்றி மாற்றிச் சொன்னால் கேட்பவருக்கு நான்கு பெண்கள். ஒரே பெயரைக் கடைசிவரை சொல்லுங்கள், மற்றவற்றை ஸ்லைடில் ஒரு மூலையில் போட்டுவையுங்கள். முடிவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சஸ்பென்ஸைக் காப்பாற்றுவது கட்டுரையாளரின் வேலை இல்லை, இந்த அறையில் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்வதும் இல்லை.

நூலை யாரும் படிக்கவில்லை என்றால் தப்பை யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று தோன்றலாம். அங்கேதான் மாட்டிக்கொள்வோம். உங்கள் கதையைத் தெரியாதவர்களுக்கு அந்தக் காலத்துப் பதிப்புலகம் விரல்நுனியில் இருக்கும். மூன்று தொகுதி நாவல் 31 ஷில்லிங் 6 பென்ஸ் என்பதும், அதனால்தான் மக்கள் வாங்காமல் ஆண்டுக்கு ஒரு கினி (21 ஷில்லிங்) சந்தா கட்டி மியூடியின் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தார்கள் என்பதும், 1894இல் மியூடியும் இன்னொரு வாடகை நூலகமான டபிள்யூ. எச். ஸ்மித்தும் சேர்ந்து நெருக்கியதும் அந்த வடிவம் செத்துப்போனது என்பதும் அவர்களுக்கு வாய்ப்பாடு. ஒரு பென்னிக்கு விற்ற மலிவுத் தொடர்கதைகளில் ‘பென்னி பிளட்’ என்பதையும் ‘பென்னி டிரெட்ஃபுல்’ என்பதையும் ஒன்றாகச் சொன்னால் ஒரு கை உயரும். முன்னது 1830கள், 40களில் உழைக்கும் வர்க்கத்துப் பெரியவர்கள் வாங்கியது. பின்னது 1860களுக்குப் பிறகு பெரும்பாலும் பையன்களுக்காக வந்தது. ரயில் நிலையக் கடையில் 2 ஷில்லிங்குக்கு விற்ற மஞ்சள் அட்டைப் பதிப்பை ‘முதல் பதிப்பு’ என்று ஸ்லைடில் காட்டினாலும் இதே கதிதான்.

‘ஈஸ்ட் லின்’ என்றதும் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு, இறந்த மகன் தன்னை அம்மா என்று அழைக்கவே இல்லையே என்று தாய் கதறுவது. அது நாவலில் இல்லை. மேடை நாடகத்தில் சேர்த்தது. நாவலின் வரி என்று அதைக் காட்டினால் அந்த நிமிடமே உங்கள் நம்பகத்தன்மை போய்விடும்.

பதிப்பு விஷயம் இதைவிட நுணுக்கமானது. வில்கி காலின்ஸின் ‘தி வுமன் இன் ஒயிட்’ 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்ட் வரை ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழில் தொடராக வந்தது. புத்தகமானதும் கதையில் தேதிகள் உதைக்கின்றன என்று ‘தி டைம்ஸ்’ மதிப்புரை சுட்டிக்காட்ட, காலின்ஸ் 1861 பதிப்பில் திருத்தினார். தேதியை வைத்து நீங்கள் வாதம் செய்தால் எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் ஒரு வரிகூட நகர முடியாது. ‘லேடி ஆட்லீஸ் சீக்ரெட்’ 1861இல் ‘ராபின் குட்ஃபெல்லோ’ என்ற இதழில் தொடங்கி, இதழ் நின்றுபோனதால் பாதியில் நின்று, பிறகு ‘சிக்ஸ்பென்னி மேகசின்’ இதழில் மறுபடி வந்தது. 1862இல் மூன்று தொகுதியாக டின்ஸ்லி வெளியிட்டார். எந்த நாவலைப் பேசினாலும் இப்படி ஒரு சிறு அட்டை எழுதிக் கையில் வைத்திருங்கள்: தொடர் வந்த இதழ், தேதிகள், எத்தனை தொகுதி, பதிப்பாளர், விலை, ஓவியம் உண்டா, மேடையேறியதா. 1837 முதல் 1901 வரையிலான நாவல்களுக்கு ‘அட் தி சர்குலேட்டிங் லைப்ரரி’ என்ற இலவசத் தரவுத்தளம் இருக்கிறது. இதில் பாதி விவரம் அங்கேயே கிடைத்துவிடும். டிக்கன்ஸ் நடத்திய இதழ்களின் பக்கங்கள் ‘டிக்கன்ஸ் ஜர்னல்ஸ் ஆன்லைன்’ தளத்தில் முழுதாக உள்ளன. உங்கள் காட்சி எந்த வாரத்து இதழில், எந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் அச்சானது என்று பார்க்க அரை மணி நேரம் செலவழித்தால் ஒரு நல்ல பத்தி கிடைக்கும்.

‘மிகவும் விற்ற நாவல்’ என்று எழுதும்போதும் கையை அடக்குங்கள். விற்பனைக் கணக்குகளில் பல, பதிப்பாளர் விளம்பரத்தில் சொன்னவை அல்லது எழுத்தாளர் பிற்பாடு பெருமையாகச் சொன்னவை. எண் யார் வாயிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் சிக்கல் இல்லை.

ஸ்லைடு எட்டு போதும். அட்டைப்படமும் இதழ் ஓவியமும் இருந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஆனால் தெளிவில்லாத ஸ்கேனைப் பெரிதாக்கிக் காட்டுவதில் பலன் இல்லை. மேற்கோள் ஒவ்வொன்றும் 60 சொல்லுக்குள் இருக்கட்டும். அதற்குமேல் என்றால் ஏ4 தாளில் அச்சடித்துக் கொடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இரண்டு மூன்று பிரதி பெரிய எழுத்தில் எடுத்துப் போவது அங்கே எதிர்பார்க்கப்படும் மரியாதை. கோப்பை பவர்பாயிண்டிலும் பிடிஎஃபிலும் பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள், அமர்வுக்குப் பத்து நிமிடம் முன்னால் ஏற்றிப் பாருங்கள். இணையவழிப் பார்வையாளர்களும் இருந்தால் மைக்கை விட்டு நகரக் கூடாது.

‘தி பிளட் ஆஃப் தி வாம்பயர்’ நாவல் ஹாரியட் பிராண்டைப் பற்றிப் பேசும் இடங்களில் பச்சையான இனவெறிச் சொற்கள் வரும். இந்தக் காலகட்டத்து வெகுஜன எழுத்தில் அது எங்கும் உண்டு. அந்தச் சொல்லை வாயால் வாசிக்கத் தேவையில்லை. ‘இங்கே ஓர் இழிசொல் வருகிறது’ என்று சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் அதை மறைத்து, நாவல் ஏதோ முற்போக்கானது போல் காட்டுவது அதைவிட மோசம். இந்தத் துறையில் அது அடிக்கடி நடக்கிறது. தாம் கண்டெடுத்த எழுத்தாளரைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

கேள்வி நேரத்தில் என்ன வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். நூலைப் படிக்காதவர்கள் கேட்பதால் கேள்வி கதைக்குள்ளிருந்து வராது, விளிம்பிலிருந்து வரும். தொடராக வந்ததா, அத்தியாயம் எங்கே முறிந்தது? ஓவியம் யார் வரைந்தது? அந்தக் காலத்து மதிப்புரை இதழான ‘அத்தினியம்’ என்ன எழுதியது? நாடகமாக வந்ததா? அமெரிக்காவில் திருட்டுப் பதிப்பு வந்ததா? நான் சொன்ன அட்டை கையில் இருந்தால் இவற்றுக்குப் பதில் இருக்கிறது. இன்னொரு வகை, “என்னுடைய எழுத்தாளரும் இதேபோல்...” என்று தொடங்கி மூன்று நிமிடம் போகும். இதை எரிச்சலோடு கேட்காதீர்கள். எழுத்தாளர் பெயரையும் நாவல் பெயரையும் குறித்துக்கொண்டு, “உங்கள் நாவலில் அந்தப் பெண் கடைசியில் பிழைக்கிறாளா, சாகிறாளா?” என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் ஆய்வேட்டுக்கு ஓர் ஒப்பீடு இலவசமாகக் கிடைக்கும். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்வதில் இங்கே வெட்கமே இல்லை. 80 நாவல் எழுதியவரின் எல்லா நாவலையும் படித்தீர்களா என்று கேட்பவருக்கே பதில் தெரியும்.

மற்றவர்கள் அமர்வில் நீங்கள் கேட்பதற்கும் இதே வழிதான். படிக்காத நூலைப் பற்றி என்ன கேட்பது என்று மாணவர்கள் மூன்று நாளும் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். விலை, வடிவம், வாசகர், முடிவு என்ற நான்கில் ஒன்றைப் பற்றிக் கேட்கலாம். “மூன்றாம் தொகுதியில் இவ்வளவு அவசரமாக முடிவது, மூன்று தொகுதி நிரப்ப வேண்டிய கட்டாயத்தாலா?” என்பது எந்த நாவலுக்கும் பொருந்தும் நல்ல கேள்வி.

விக்டோரியன் பாப்புலர் ஃபிக்ஷன் சங்கக் கூட்டங்களில் வாசிப்புக் குழு என்று ஒரு நிகழ்ச்சி வைப்பார்கள். சிறுகதையோ சில அத்தியாயங்களோ முன்கூட்டியே அனுப்பப்படும், எல்லோரும் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். மாநாடு முழுவதிலும் அனைவரும் ஒரே நூலைப் படித்திருக்கும் ஒரே மணி நேரம் அதுதான். அதனால்தான் ஆய்வு மாணவருக்குச் சிறப்புரையைவிட இது முக்கியம் என்கிறேன். ஒரு பத்தியைக் கோடிட்டு எடுத்துப் போங்கள். “இந்த வரியில் இந்தச் சொல் ஏன்?” என்று கேட்பதில் நீங்களும் முப்பது வருடப் பேராசிரியரும் சமம்.

இந்தியாவோடு உண்மையான தொடர்பு ஒன்றும் இங்கே உண்டு. ரெயினால்ட்ஸ் இங்கிலாந்தில் மறக்கப்பட்ட பிறகும் இந்திய வாசகசாலைகளில் கொடிகட்டிப் பறந்தார். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் போன்றவர்கள் அவர் நாவல்களைத் தழுவி எழுதினார்கள். மேரியட்டின் முதல் கணவர் மதராஸ் படைப்பிரிவில் அதிகாரி. மேரியட் இந்தியாவில் கழித்த வருடங்களிலிருந்து வந்தது ‘கப்’ என்ற 1868ஆம் ஆண்டு நூல். வம்பு என்று பொருள்படும் ‘கப்’தான் அது. ரெயினால்ட்ஸ் அமர்வில் தமிழ்த் தழுவல்களைப் படித்த ஒருவர் இரண்டு வாக்கியம் சொன்னால் அறையே திரும்பிப் பார்க்கும், ஏனென்றால் அதை வேறு யாரும் சொல்ல முடியாது. அதற்காக நீங்கள் பேசும் நாவலில் இந்தியா இல்லாதபோதும் இந்தியப் பெயர் உள்ளவர் என்பதால் பேரரசு பற்றியே கேள்வி வந்தால், “இந்த நாவலில் அதற்குச் சான்று இல்லை” என்று சொல்லி நிறுத்திக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

பணத்தைப் பற்றி. பல சங்கங்களில் கட்டுரை வாசிக்க உறுப்பினர் கட்டணமும் மாநாட்டுப் பதிவுக் கட்டணமும் தனித்தனி. ஆய்வு மாணவர்களுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் குறைந்த கட்டணம் இருக்கும். உதவித்தொகை கிடைத்தாலும் பெரும்பாலும் மாநாடு முடிந்து, ரசீது கொடுத்த பிறகே கைக்கு வரும். அதாவது முழுத்தொகையையும் முதலில் நீங்கள் புரட்ட வேண்டும். ஓட்டல் பில், ரயில் டிக்கெட், விமானத்தின் போர்டிங் பாஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். மாநாட்டு விருந்து தனிக் கட்டணம், கட்டாயமில்லை, போகாவிட்டால் யாரும் குறித்துவைக்க மாட்டார்கள். மாலையில் பக்கத்து பப்பில் கூடுவார்கள். அங்கே எலுமிச்சைச் சோடா குடித்துக்கொண்டே எல்லோரிடமும் பேசலாம்.

வெளிநாட்டிலிருந்து போவதென்றால் ஸ்டாண்டர்டு விசிட்டர் விசாவில் மாநாட்டில் கலந்துகொள்ளலாம். பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்குள்தான் விண்ணப்பிக்க முடியும், முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். ஏற்புக் கடிதம் வந்த அன்றே பெயர், கட்டுரைத் தலைப்பு, தேதி, இடம் எல்லாம் உள்ள அழைப்புக் கடிதம் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ஏற்பாடு செய்பவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் இரண்டு மூன்று பேர், கேட்காமல் அனுப்ப மாட்டார்கள். போகிற செலவில் பிரிட்டிஷ் லைப்ரரியில் மூன்று நாள் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் அதன் சேவைகள் பெரிதும் முடங்கி, மீள நெடுநாள் ஆனது. உங்களுக்கு வேண்டிய பிரதி இப்போது கிடைக்குமா என்று முன்பே எழுதிக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் அசலாக வேண்டும்.

மாநாட்டுக் கட்டுரையை அப்படியே இதழுக்கு அனுப்பாதீர்கள். 2,300 சொல்லில் ஒரு காட்சி இருக்கிறது, 7,000 சொல் கட்டுரைக்கு மூன்று வேண்டும். அதோடு, மேடையில் விட்டுவிட்ட ஆய்வு முன்னோடிகளோடு வாதாடவும் வேண்டும். இந்தச் சங்கமே 2019 முதல் ‘விக்டோரியன் பாப்புலர் ஃபிக்ஷன்ஸ் ஜர்னல்’ என்ற இதழை நடத்துகிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். அனுப்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை அன்றிரவே, கேட்டவரின் சொற்களிலேயே எழுதிவையுங்கள். அமர்வு முடிந்து ஒரு மணி நேரத்தில் பாதி மறந்துவிடும், அல்லது நமக்குச் சாதகமாக மாறிவிடும். ஆறு மாதம் கழித்து இதழின் மதிப்பீட்டாளர் அறிக்கை வரும்போது பிரித்துப் பாருங்கள். நாவலைப் படித்திராத ஒருவர் எழுதியதாகத்தான் அதுவும் இருக்கும், முதல் கேள்வி அநேகமாக அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.